கூப்பிடாமல் வரவேண்டிய உதவி

அவசர அழைப்பு மையம் ஒன்றில் பல வருடங்கள் வேலை பார்த்தவன் நான். அங்கே கழிவறைக் கதவின் உட்பக்கம் ஒரு சுவரொட்டி ஒட்டியிருந்தார்கள். மலை, சூரிய உதயம், கண்ணை மூடித் தியானத்தில் ஒரு பெண். கீழே, "மனம் சோர்ந்திருக்கிறதா? எங்களை அழையுங்கள்" என்று ஓர் எண். பன்னிரண்டு மணி நேரம் ஊரார் அழைப்பை எடுத்துக்கொண்டிருப்பவனிடம் நீயும் ஓர் அழைப்பைப் போடு என்று சொல்கிற யோசனை யாருக்கு உதித்ததோ! எங்களில் யாரும் அந்த எண்ணை அழைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. அழைத்திருந்தாலும் வெளியே சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஆம்புலன்ஸ் ஊழியர், தீயணைப்பு வீரர், காவலர், அவசர சிகிச்சைப் பிரிவின் செவிலியர், மருத்துவர் என இவர்களுடைய மனநலத்தைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் கடைசியில் "உதவி தேவைப்பட்டால் தயங்காமல் கேளுங்கள்" என்பதில் வந்து நிற்கிறது. கேட்கிற பொறுப்பு முழுவதும் களைத்துப்போனவர் தலையில். எனக்கு இதில் உடன்பாடில்லை. இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு உதவி கூப்பிடாமலே வரவேண்டும் என்பது என் கட்சி. கூப்பிடாமல் வருகிறேன் என்று வந்து காரியத்தைக் கெடுத்த உதவியும் உண்டு. அந்தக் கதையையும் சொல்லத்தான் போகிறேன்.

முதலில் வேலை எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுகிறேன். வீட்டில் ஒருவர் மூச்சுப்பேச்சில்லாமல் விழுந்துவிட்டார் என்று மகளோ மனைவியோ அழைப்பார்கள். முகவரியை வாங்கி, வண்டியை அனுப்ப ஏற்பாடு செய்துவிட்டு, இணைப்பைத் துண்டிக்காமல் பேசுவோம். "தரையில் மல்லாக்கப் படுக்க வையுங்கள், அம்மா. மார்பின் நடுவில் உள்ளங்கையை ஊன்றுங்கள். இன்னொரு கையை அதன் மேல் வையுங்கள். இரண்டு அங்குலம் உள்ளே போகும்படி அழுத்துங்கள். பயப்படாதீர்கள், என்னோடு சேர்ந்து எண்ணுங்கள்." நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்தவேண்டும். அந்த வேகத்தில் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று விடாமல் எண்ணுவேன். எதிர்முனையில் அந்தப் பெண் எண்ணிக்கொண்டே அழுவாள். நடுவில், "அப்பா கை சில்லென்று இருக்கிறதே" என்பாள். "நிறுத்தாதீர்கள், எண்ணுங்கள்" என்பேன். பிறகு கதவு திறக்கும் சத்தம், காலடிகள், "நகருங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று ஓர் ஆண்குரல். தொலைபேசியை எங்கோ வைப்பார்கள். இணைப்பு அறுந்துவிடும்.

அவர் பிழைத்தாரா என்பது எங்களுக்குத் தெரியவராது. திரையில் அடுத்த அழைப்பு மினுங்கிக்கொண்டிருக்கும். எடுத்தால், நேற்றிரவு அழைத்தபோது சரியாகப் பதில் சொல்லவில்லை என்று ஒருவர் சண்டைக்கு வருவார். அவரிடமும் அதே குரலில், அதே பணிவோடு பேசவேண்டும்.

சம்பவ இடத்துக்கே போகாதவனுக்கு என்ன அதிர்ச்சி என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட, மனநலக் கோளாறுகளை வகைப்படுத்தும் டி.எஸ்.எம்.-5 கையேடு இதற்குப் பதில் சொல்லிவிட்டது. பி.டி.எஸ்.டி. எனப்படும் அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறுக்குக் காரணமாகக்கூடியவற்றுள், கொடூரமான விவரங்களை வேலையின் பொருட்டுத் திரும்பத் திரும்ப எதிர்கொள்வதையும் அது சேர்த்தது. உடல் பாகங்களைச் சேகரிக்கும் மீட்புப் பணியாளர்களையும், குழந்தைகள் மீதான வன்கொடுமை வழக்குகளின் விவரங்களைக் கேட்டுக்கொண்டே இருக்கும் காவலர்களையும் பெயர் சொல்லியே உதாரணம் காட்டுகிறது. செய்தியில் பார்த்தேன், படத்தில் பார்த்தேன் என்றால் கணக்கில் வராது. பார்ப்பதே வேலையாக இருந்தால் வரும்.

எது மனத்தில் தைக்கும் என்பதை முன்கூட்டிச் சொல்லவும் முடியாது. எனக்குத் தெரிந்த ஆம்புலன்ஸ் ஓட்டுநர் ஒருவர் பேருந்து விபத்துகளையெல்லாம் கடந்து வந்தவர். அவரைச் சாய்த்தது, சத்தமே இல்லாத ஒரு வீடு. முதியவர் தூக்கத்திலேயே இறந்துபோயிருந்தார், செய்வதற்கு ஒன்றுமில்லை. அவருடைய மனைவி, கணவரின் மூக்குக் கண்ணாடியைப் புடவைத் தலைப்பால் துடைத்து, மடித்து, கூட்டில் வைத்து, "காலையில் தேடுவார்" என்று மேசையின் வலது ஓரத்தில் வைத்தாராம். அதற்குப் பிறகு பல மாதங்கள் ஓட்டுநர் அந்தத் தெரு வழியாக வண்டியைத் திருப்பாமல் சுற்றிப் போனார். அதிகாரிகள் வைத்திருக்கும் "பெரும் சம்பவங்கள்" பட்டியலில் இதற்கு எங்கே இடம்? பலி எண்ணிக்கையை வைத்து உதவியை அளப்பவர்கள் இப்படிப்பட்டவர்களைக் கண்டுபிடிக்கவே மாட்டார்கள்.

அதிர்ச்சியை விட்டுவிட்டாலும் சோர்வு இருக்கிறது. 1974இல் நியூயார்க்கின் இலவச மருத்துவமனை ஒன்றில் தன்னார்வலர்கள் எரிந்து தீர்ந்துபோவதைப் பார்த்து ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர் எழுதினார். அதை அளக்கும் கேள்வித்தாளை 1981இல் கிறிஸ்டினா மாஸ்லாக்கும் சூசன் ஜாக்சனும் வெளியிட்டார்கள். அதில் வருகிற மூன்று அறிகுறிகளில் என்னை எப்போதும் உறுத்துவது இரண்டாவது: எதிரே இருக்கும் மனிதர் மனிதராகத் தெரியாமல் போவது. "மூன்றாம் படுக்கை நெஞ்சுவலி", "நாலாம் இணைப்பு விபத்து" என்று பேசுவது வேலைக்கு வசதி. அந்த நெஞ்சுவலிக்கு ஒரு பெயர் உண்டு என்பதே எரிச்சலூட்டத் தொடங்கும்போதுதான் ஆபத்து. 2019இல் உலக சுகாதார நிறுவனம் இந்தச் சோர்வை நோய் என்று வகைப்படுத்தவில்லை. சரிவரக் கையாளப்படாத நாள்பட்ட பணியிட அழுத்தத்தால் வரும் தொழில் சார்ந்த நிலை என்றது. பணியிடத்தில்தான் கோளாறு என்று அவர்களே எழுதிக்கொடுத்திருக்கிறார்கள். மருந்து மட்டும் ஊழியருக்கு.

இவை இரண்டிலும் அடங்காத இன்னொன்றுக்கு அறக்காயம் என்று பெயர். வியட்நாம் போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்குச் சிகிச்சை அளித்த மனநல மருத்துவர் ஜோனதன் ஷே 1990களில் இதைப் பற்றி எழுதினார். 2018இல் வெண்டி டீன், சைமன் டால்பட் என்ற இரு மருத்துவர்கள், மருத்துவர்களுக்கு நேர்வதும் இதுதான் என்றார்கள். செய்யவேண்டியது இன்னதென்று தெரிந்தும் செய்ய முடியாமல் நிற்பது. எங்கள் அறையில் அது இப்படி இருக்கும்: எல்லா வண்டிகளும் வெளியே போயிருக்கும். மருத்துவமனை வாசலில் படுக்கை கிடைக்காமல் நோயாளியோடு காத்திருக்கும் வண்டிகளும் அதில் அடக்கம். "எப்போது வரும்?" என்று எதிர்முனையில் கேட்பார்கள். "ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறோம்" என்பதற்கு மேல் சொல்ல எனக்கு அனுமதியில்லை. அவர்கள் மீண்டும் அழைப்பார்கள். அதே வாக்கியத்தை மீண்டும் சொல்வேன். இது பயமும் அல்ல, களைப்பும் அல்ல, வெட்கம். கொரோனா காலத்தில், உறவினரை உள்ளே விடமுடியாத தீவிர சிகிச்சைப் பிரிவில், சாகக் கிடப்பவரின் முகத்துக்கு நேரே கைபேசியைப் பிடித்துக்கொண்டு நின்ற செவிலியர்கள் எத்தனை பேர்! அவர்களிடம் மூச்சுப் பயிற்சி செய்யுங்கள் என்றால் என்ன சொல்வார்கள்?

இனி, கூப்பிடாமல் வந்த அந்த உதவியின் கதை. 1983இல் ஜெஃப்ரி மிட்செல் என்ற அமெரிக்கர், தாமே தீயணைப்பு, ஆம்புலன்ஸ் பணிகளில் இருந்தவர், ஒரு முறையை முன்வைத்தார். கோரமான சம்பவம் நடந்த ஓரிரு நாளில் குழு முழுவதையும் உட்காரவைத்து, என்ன பார்த்தீர்கள், என்ன நினைத்தீர்கள், எது மிகக் கொடுமையாக இருந்தது என்று படிப்படியாகப் பேசவைப்பது. மனத்தில் இருப்பதைக் கொட்டிவிட்டால் பாரம் இறங்கிவிடும் என்பது யாருக்கும் நியாயமாகத் தோன்றும் யோசனைதான். உலகமெங்கும் பரவியது. பல இடங்களில் கட்டாயமாகவும் ஆனது. 1997இல் ஜொனாதன் பிஸன் குழுவினர் பிரிட்டனில் தீக்காயம் பட்ட 133 பேரிடம் இதையொத்த முறையைச் சோதித்தார்கள். பதின்மூன்று மாதம் கழித்துப் பார்த்தால், பேசவைக்கப்பட்டவர்களில் 26 சதவீதம் பேருக்குப் பி.டி.எஸ்.டி.; பேசவைக்கப்படாதவர்களில் 9 சதவீதம். முதல் குழுவினரின் காயம் தொடக்கத்திலேயே சற்றுக் கடுமையானது என்பதையும், அவர்கள் நோயாளிகளே தவிர மீட்புப் பணியாளர்கள் அல்லர் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். மிட்செலின் ஆதரவாளர்கள் இன்றும் இதைச் சொல்லித்தான் வாதாடுகிறார்கள். ஆனாலும் ஒரே அமர்வில் கிளறிவிட்டுப் போகும் இந்த வழக்கத்தைச் செய்யாதீர்கள் என்பதே பிரிட்டனில் சிகிச்சை நெறிகளை வகுக்கும் நைஸ் அமைப்பு தரும் வழிகாட்டுதல்.

எனக்கு இதில் வியப்பில்லை. காயத்தின் மேல் தோல் மூட நேரம் கொடுக்காமல், சக ஊழியர்கள் பத்துப் பேருக்கு முன்னால் பிரித்துக் காட்டு என்றால் எப்படி? அதோடு, அடுத்தவர் பார்த்த கொடுமையையும் கேட்டுச் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போகவேண்டும்.

ஆக, கேட்டால்தான் உதவி என்றால் யாரும் கேட்பதில்லை. கட்டாயப்படுத்திப் பேசவைத்தால் சிலருக்குக் கெடுதல். நடுவில் ஒரு வழி இருக்கிறது. பிரிட்டனின் ராயல் மரைன்ஸ் படையில் தொடங்கி, பிறகு காவல்துறைக்கும் ஆம்புலன்ஸ் சேவைகளுக்கும் பரவிய 'ட்ரிம்' என்ற முறையை இதற்கு உதாரணமாகச் சொல்வேன். பயிற்சி பெற்ற சக ஊழியர் ஒருவர், சம்பவம் நடந்து மூன்று நாள் போல ஆனதும் தாமே வந்து பேசுவார். அழவைப்பது அவர் வேலையல்ல. தூக்கம் எப்படி, குடி கூடியிருக்கிறதா, வீட்டில் சண்டை வருகிறதா, தன்னால்தான் இப்படி ஆயிற்று என்று தோன்றுகிறதா என்று பார்ப்பார். ஏறக்குறைய ஒரு மாதம் கழித்து மறுபடியும் வருவார். முதல் முறை இருந்த தொந்தரவு இரண்டாம் முறையும் குறையாமல் இருந்தால் மருத்துவரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பார். நோயை இது தடுத்துவிடும் என்று யாரும் சத்தியம் செய்யவில்லை. முற்றுவதற்கு முன் கண்டுபிடிப்பதுதான் நோக்கம். அந்த இரண்டாம் வருகை எனக்கு முக்கியமாகப் படுகிறது. சம்பவம் நடந்த வாரத்தில் எல்லோரும் தோளைத் தட்டுவார்கள். ஒரு மாதம் கழித்து யாருக்கும் நினைவிருக்காது, அனுபவித்தவரைத் தவிர.

எங்கள் மையத்தில் அப்படி எதுவும் கிடையாது. மூத்த மேற்பார்வையாளர் ஒருவர் இருந்தார். நாங்கள் எல்லோரும் அக்கா என்றுதான் அழைப்போம். மோசமான அழைப்பு முடிந்ததும் சத்தமில்லாமல் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று, ஹெட்போன் இணைப்பைத் தாமே பிடுங்குவார். "எழுந்திரு. பதினைந்து நிமிடம். வெளியே நின்றுவிட்டு வா." நன்றாக இருக்கிறாயா என்று கேட்கமாட்டார். கேட்டால் "பரவாயில்லை, அக்கா" என்றுதான் பதில் வரும் என்பது அவருக்குத் தெரியும். ஷிப்ட் முடிவதற்குள் மருத்துவமனைக்கு அழைத்து விசாரித்து, ஒரு துண்டுச் சீட்டில் "இருக்கிறார்" அல்லது "இல்லை. வண்டி போகும்போதே உயிர் போய்விட்டது" என்று எழுதி விசைப்பலகைக்கு அடியில் செருகிவிடுவார். பெயர், ஊர் ஒன்றும் இருக்காது. இறந்த செய்தியாக இருந்தாலும் அந்தச் சீட்டு எனக்குத் தேவைப்பட்டது. முடிவு தெரியாத அழைப்புகள்தான் இரவில் தொடர்ந்து ஒலித்துக்கொண்டிருக்கும். அக்கா வேறு பிரிவுக்கு மாற்றப்பட்டதும் பதினைந்து நிமிடமும் நின்றது, சீட்டும் நின்றது. ஒருவருடைய நல்ல மனத்தில் மட்டும் இருந்தது, விதியில் எழுதப்படவில்லை. அழைப்புகளை எவ்வளவு விரைவாக எடுக்கிறோம் என்ற கணக்கில் அந்தப் பதினைந்து நிமிடம் எங்கள் பெயரில் குறையாகவே பதிவாகிக்கொண்டிருந்தது என்பது பிறகு தெரிந்தது.

வெர்ஜீனியா பல்கலைக்கழக மருத்துவமனையில் ஜோனதன் பார்டெல்ஸ் என்ற செவிலியர் 2009 வாக்கில் தொடங்கிய வழக்கம் ஒன்று பல நாடுகளில் பின்பற்றப்படுகிறது. காப்பாற்ற முடியாமல் ஒருவர் இறந்ததும், குழு கலைவதற்கு முன் யாராவது ஒருவர், இவர் யாரோ ஒருவருக்குப் பிரியமானவர், இவருக்காகவும் நாம் செய்த முயற்சிக்காகவும் சற்று நிற்போம் என்கிறார். ஒரு நிமிடத்துக்கும் குறைவான மௌனம். பிறகு அடுத்த நோயாளி. காசு செலவில்லை, யாரும் வாய் திறக்கவேண்டியதில்லை, கேட்டு வாங்கவேண்டியதும் இல்லை.

பயத்தைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. மனநல மருத்துவரைப் பார்த்தேன் என்று தெரிந்தால் வேலை என்னாகும்? காவலர் என்றால் துப்பாக்கியை வாங்கி வைத்துவிட்டு மேசை வேலைக்கு அனுப்பிவிடுவார்களோ? மருத்துவர் என்றால் உரிமம் பறிபோகுமோ? நியூயார்க்கில் அவசர சிகிச்சைப் பிரிவை நடத்திவந்த மருத்துவர் லார்னா பிரீன், கொரோனாவின் முதல் அலையில் தாமும் நோயுற்றுத் தேறி வேலைக்குத் திரும்பியவர், 2020 ஏப்ரலில் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். சிகிச்சை எடுத்தது தெரிந்தால் தொழிலை இழந்துவிடுவோம் என்று அவர் அஞ்சினார் என்று குடும்பத்தார் சொன்னார்கள். 2022 மார்ச்சில் அவர் பெயரிலேயே அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்து, மருத்துவப் பணியாளர்களின் மனநலத் திட்டங்களுக்கு நிதி ஒதுக்கியது. குடும்பத்தார் தொடங்கிய அமைப்பு இன்னொரு வேலையையும் செய்கிறது: உரிம விண்ணப்பங்களில் "எப்போதாவது மனநலச் சிகிச்சை பெற்றதுண்டா?" என்றிருக்கும் கேள்வியை நீக்கவைப்பது. இன்று வேலை செய்யும் திறனைப் பாதிக்கும் பிரச்சினை ஏதாவது இருக்கிறதா என்று மட்டும் கேட்டால் போதும். ஒரு படிவத்தில் ஒரு வரி. பல மாநிலங்கள் மாற்றிவிட்டன. ஆயிரம் சுவரொட்டியைவிட இது மேல் என்பேன்.

இந்தப் பிரச்சினை எவ்வளவு பெரியது என்பதற்கு ஒரு கணக்கு: 2017இல் அமெரிக்காவில் கடமையின்போது இறந்த தீயணைப்பு வீரர்கள் 93 பேர், காவலர்கள் 129 பேர். அதே ஆண்டில் தற்கொலையால் இறந்ததாகத் தெரியவந்தவர்கள் 103 பேரும் 140 பேரும். ரூடர்மன் குடும்ப அறக்கட்டளை மறு ஆண்டு வெளியிட்ட அறிக்கையில் இருப்பது இது.

நோய் வந்தபிறகும், வேலையால்தான் வந்தது என்று நிரூபிக்கும் சுமை நோயாளியிடமே இருக்கிறது. எந்தச் சம்பவம், எந்தத் தேதி, சாட்சி யார்? தூங்க முடியாதவன் கோப்பு தயாரிக்கவேண்டும். கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் 2016இல் இதைத் தலைகீழாக்கியது. தீயணைப்பு, காவல், ஆம்புலன்ஸ் பணியில் இருப்பவருக்குப் பி.டி.எஸ்.டி. என்று உறுதியானால், அது வேலையால் வந்தது என்றே எடுத்துக்கொள்ளப்படும். இல்லை என்பவர்தான் நிரூபிக்கவேண்டும். அழைப்பு எடுப்பவர்களையும் அந்தப் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். படித்தபோது எனக்கு ஒரு சின்ன சந்தோஷம்.

மனவலிமைப் பயிற்சி, தியானச் செயலி, ஓய்வறையில் வாசனை மெழுகுவத்தி போன்றவற்றைப் பற்றி அதிகம் எழுதப் பிடிக்கவில்லை. ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த வில்லியம் ஃப்ளெமிங் பிரிட்டனில் 233 நிறுவனங்களின் 46,336 ஊழியர்களின் பதில்களை ஆராய்ந்து 2024இல் எழுதிய கட்டுரையில், இவற்றில் கலந்துகொண்டவர்கள் கலந்துகொள்ளாதவர்களைவிட எந்த வகையிலும் மேலாக இல்லை என்றார். மருத்துவர்களின் சோர்வைக் குறைக்கும் முயற்சிகளைத் தொகுத்துப் பார்த்த 2017ஆம் ஆண்டின் ஆய்வு ஒன்றிலும், தனிமனிதருக்குப் பயிற்சி கொடுப்பதைவிட வேலை நேரத்தையும் பளுவையும் மாற்றியதில்தான் பலன் கூடுதல். பணிப்பட்டியலில் கைவைக்கச் செலவாகும், அதனால் மெழுகுவத்தி வருகிறது. பாஸ்டனில் 2004இல் வெளியான ஓர் ஆய்வில், தொடர்ந்து 24 மணி நேரத்துக்கும் மேல் வேலை வாங்கப்பட்ட பயிற்சி மருத்துவர்கள், நேரம் குறைக்கப்பட்டபோது செய்ததைவிட 36 சதவீதம் அதிகமாகக் கடுமையான தவறுகளைச் செய்தார்கள். தவறு நேர்ந்தபின் அந்த மருத்துவரின் குற்ற உணர்ச்சிக்கு ஆலோசகரை நியமிப்பதைவிட அவரை முந்தின இரவே வீட்டுக்கு அனுப்பியிருக்கலாம்.

வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்வது என்று பலர் கேட்கிறார்கள். வாசலிலேயே "இன்று என்ன நடந்தது?" என்று பிடித்துக்கொள்ளாதீர்கள். இரவுப் பணி முடிந்து வந்தவரின் பகல் தூக்கத்தைக் காவல் காத்துக் கொடுங்கள். பெரிய உதவி அது. எரிந்து விழுவது, குழந்தையைத் தூக்காமல் விலகுவது, வீட்டுக்கு வர விரும்பாமல் கூடுதல் ஷிப்ட் கேட்டு வாங்குவது ஆகியவற்றைக் கவனியுங்கள். வாழப் பிடிக்கவில்லை என்கிற தொனி பேச்சில் தட்டுப்பட்டால் நேரடியாகவே கேட்டுவிடுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. பிறகு தனியாக விடாமல் மருத்துவரிடம் கூட்டிச் செல்லுங்கள். பி.டி.எஸ்.டி.க்கு நல்ல சிகிச்சைகள் இருக்கின்றன. முன்பு கண்டித்த அந்த ஒருநாள் கிளறல் போன்றதல்ல இது. தேர்ந்த உளவியலாளர் வாரக்கணக்கில், நோயாளியின் வேகத்தில் செய்வது. தெரு மாற்றி ஓட்டிய அந்த ஓட்டுநர் இப்போது அந்தத் தெருவழியாகத்தான் போகிறார்.

இன்னும் ஒரு விஷயத்தில் எனக்கு மனம் ஆறவில்லை. சம்பவம் முடிந்து, மருத்துவ உதவியாளரும் ஓட்டுநரும் ஓய்வுக்கு அனுப்பப்பட்டபின், அந்த வண்டியின் உட்புறத்தைக் கழுவ ஒருவர் வருவார். கையுறை, வாளி, கிருமிநாசினி. தரையில் கிடக்கும் ஒற்றை வளையலையும் குழந்தையின் காலுறையையும் முதலில் எடுப்பவர் அவர்தான். அவர் ஒப்பந்தத் தொழிலாளி என்பதால் ஊழியர் பட்டியலில் அவர் பெயர் இல்லை. பிணவறை உதவியாளர், ஸ்ட்ரெச்சர் தள்ளுபவர், இரவுக் காவலாளி எல்லோரும் இதே கதைதான். புற்றுநோயால் 1995இல் இறந்த கென்னத் ஷ்வார்ட்ஸ் என்ற பாஸ்டன் வழக்கறிஞர், தம்மைக் கவனித்துக்கொண்டவர்களின் பரிவைப் பற்றி நெகிழ்ந்து எழுதி, ஓர் அமைப்பையும் தொடங்கி வைத்தார். அவர் பெயரால் மருத்துவமனைகளில் நடக்கும் கூட்டங்களில் அறுவை மருத்துவர் முதல் துப்புரவுப் பணியாளர் வரை ஒன்றாக உட்கார்ந்து, வேலை தங்களை என்ன செய்கிறது என்று பேசலாம் என்பது ஏற்பாடு. விருப்பமிருந்தால் பேசலாம், கேட்டுக்கொண்டும் இருக்கலாம். நாங்களும் அப்படி ஒன்றைத் தொடங்க அனுமதி கேட்டோம். அனுமதி கிடைத்தது. வண்டி கழுவுபவர் கலந்துகொள்ளும் ஒரு மணி நேரத்துக்குக் கூலியை யார் கொடுப்பது, நாங்களா ஒப்பந்தக்காரரா என்பதில் மட்டும் கடிதப் போக்குவரத்து நடந்துகொண்டிருக்கிறது.